காற்கூறும் முக்காற்கூறும்
கிராண்ட்பாஸ் வளர்ந்தோரும் இணையவழி ஆங்கிலப் பாடமும்

கல்வி ஒருவரிடத்து எவ்வாறு நிரம்புகின்றது என்பதற்குத் தமிழ் இலக்கண நூலார் ஒரு கணக்கு வைத்துள்ளனர். 13ஆம் நூற்றாண்டினராகிய பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்திற் கூறும் கணக்கு அது. ஆசிரியர் உரைத்ததை மாணாக்கன் எத்துணைச் செவ்விதாக ஏற்றுக்கொள்ளினும் அவனுக்கு வாய்ப்பது புலமையிற் காற்கூறே. உடன்பயில்வாரோடு கூடிப் பயில்வதனால் மற்றொரு காற்கூறு கைகூடும். எஞ்சிய அரைக்கூறு, கற்றதைப் பிறர்க்கு விளங்க எடுத்துரைப்பதனாலேயே நிரம்பும். ஏடும் எழுத்தாணியும் வழங்கிய காலத்திற் சொல்லப்பட்ட இக்கணக்கு, கையடக்கத் தொலைபேசியிற் பாடங் கேட்கும் இக்காலத்துக்கும் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

இன்று ஆங்கிலங் கற்பிக்கும் பாடங்கள் இணையத்தில் அளவின்றிக் கிடக்கின்றன. அவற்றுட் பல கட்டணமின்றிக் கிடைப்பன. சில மிக்க திறமையோடு ஆக்கப்பட்டவை. ஆயினும் பாடங்கள் பெருகிய அளவுக்குக் கற்றோர் பெருகினர் என்று கூறுதல் அரிது. இதற்குக் காரணம் கற்போரின் சோம்பல் என்று சொல்லிவிடுதல் எளிது, அஃது உண்மையாகாது. அப்பாடங்கள் யாரை நோக்கிப் பேசுகின்றன, எம்மொழியில் விளக்குகின்றன, எவ்வொழுங்கில் நிற்கின்றன, கற்றவரை எங்கே கொண்டுபோய் விடுகின்றன என்னும் நான்கு வினாக்களையும் எழுப்பிப் பார்த்தாலன்றிக் குறை யாரிடத்தது என்று துணிதல் இயலாது. அவ்வினாக்களைப் பொதுவில் எழுப்பாது, ஓரிடத்தை முன்னிறுத்தி எழுப்புதலே பயன் தரும்.

கொழும்பு மாநகரின் வடபாற் களனியாற்றை அடுத்துக் கிடப்பது கிராண்ட்பாஸ். ஆற்றைக் கடக்கும் பெருந்துறை என்னும் பொருள்பட ஐரோப்பியர் இட்ட பெயரே இன்றும் வழங்குகின்றது. 1822ஆம் ஆண்டிலே படகுகளை வரிசையாகப் பிணித்து இங்கு ஒரு பாலம் அமைத்தனர். 1895ஆம் ஆண்டில் அதற்கு மாற்றாக விக்டோரியாப் பாலம் எழுந்தது. தலைநகருக்கு வரும் பண்டமும் மாந்தரும் இத்துறைவழியே வந்தமையால், பல மொழியினரும் பல தொழிலினரும் இங்குத் தங்கினர். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் சுவரோடு சுவரொட்டி வாழும் ஒழுங்கைகள் இங்கு மிகுதி. பண்டசாலைத் தொழிலாளர், சிறுகடைக்காரர், தையல் வேலை செய்வோர், முச்சக்கரவண்டி ஓட்டுவோர், மலையகத் தோட்டப்புறங்களிலிருந்து வந்து குடியேறியோர் எனப் பலதிறத்தார் இங்கு வாழ்கின்றனர்.

இத்தகைய ஓரிடத்தில் வாழும் வளர்ந்தோரின் மொழிநிலை கூர்ந்து நோக்கத்தக்கது. வீட்டிலே தமிழ்; சந்தையிலும் பேருந்திலும் சிங்களம்; வங்கிப் படிவத்திலும், வைத்தியர் எழுதித்தரும் மருந்துச் சீட்டிலும், கைத்தொலைபேசிக்கு வரும் அறிவித்தலிலும் ஆங்கிலம். 1987ஆம் ஆண்டில் நிறைவேறிய 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்று வகுத்தது. ஆயின் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நாட்டில் ஆங்கிலம் பேசுவோர் 23.8 வீதத்தினரே. நான்கில் மூன்று பங்கினரை இணைக்காத மொழி பெயரளவிலேயே இணைப்பு மொழியாகும். 2009ஆம் ஆண்டு ஆங்கிலத்துக்கும் தகவல் தொழினுட்பத்துக்கும் உரிய ஆண்டாக அறிவிக்கப்பட்டது. 2012ஆம் ஆண்டு மும்மொழி ஆண்டாக அறிவிக்கப்பட்டது. அறிவித்தல்கள் ஆண்டோடு கழிந்தன. படிவங்கள் ஆங்கிலத்திலேயே நின்றன.

அதனால் விளையும் இன்னல் வெறும் வசதிக்குறைவு அன்று. பாடசாலையிற் கற்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தந்தைக்கு வந்த கடிதத்தை வாசித்துச் சொல்கின்றது. தாயோடு வைத்தியசாலைக்குச் சென்று அவள் நோயை அவளுக்கே எடுத்துரைக்கின்றது. பிள்ளைக்கு அது பெருமையாயிருத்தல் கூடும். பெற்றோருக்கோ, தம் வீட்டின் நன்மை தீமைகளைத் தாமே அறிந்து தீர்மானிக்கும் உரிமை சிறிது சிறிதாகக் கைநழுவுகின்றது. 2001ஆம் ஆண்டு முதல் அரசாங்கப் பாடசாலைகளிற் சில பாடங்களை ஆங்கிலமொழிமூலம் கற்கும் வழி மீண்டும் திறக்கப்பட்ட பின்னர், அப்பிரிவிற் சேரும் பிள்ளைக்கும் தமிழிற் கற்ற தாய்க்கும் இடையிலுள்ள தொலைவு பின்னும் பெருகிற்று. ஆகவே வளர்ந்தோர் ஆங்கிலங் கற்பது உத்தியோகம் பற்றிய செய்தி மட்டுமன்று. குடும்பத்தில் மூத்தோர் மூத்தோராகவே நிற்றல் பற்றிய செய்தியுமாம்.

இவர்களுக்கு இணையம் தருவது யாது? முதலில் நோக்கத்தக்கது கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ என்னும் தளம். தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மும்மொழியிலும், முதலாந் தரந்தொட்டுப் பதின்மூன்றாந் தரம் வரையில், பாடம் பாடமாக வகுக்கப்பட்டது அது. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்களையும் இணையத்திலிருந்து பெற்றுக்கொள்ளலாம். தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகளும் அவ்வாறே கிடைக்கின்றன. 1945ஆம் ஆண்டில் இலவசக் கல்வியையும், 1980ஆம் ஆண்டில் இலவசப் பாடநூலையும் வழங்கிய நாட்டின் தொடர்ச்சியான அறச்செயல் இஃது என்பதில் ஐயமில்லை. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் கொள்ளைநோயாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது இத்தகைய தளங்களின் அருமை யாவர்க்கும் விளங்கிற்று.

எனினும் அத்தளத்தின் வாயிலில் நிற்கும் முதற்கேள்வி தரம் எது என்பது. நாற்பது வயதுத் தையற்காரிக்குத் தரம் இல்லை. மூன்றாந் தரத்தைத் திறந்தால் எட்டு வயதுப் பிள்ளைக்குரிய விலங்குகளும் விளையாட்டுப் பொருள்களும் அவளை எதிர்கொள்கின்றன. பத்தாந் தரத்தைத் திறந்தாற் பரீட்சைக்குரிய கட்டுரையும் கடிதமும் எதிர்கொள்கின்றன. அவளுக்கு வேண்டிய வாடகை ஒப்பந்தமும், மருந்தின் அளவும், பாடசாலை அதிபரோடு பேசும் பேச்சும் எத்தரத்திலும் அவற்றுக்குரிய இடத்தைப் பெறவில்லை. நன்னூலார் நூற்குற்றம் பத்தினுள் முதலில் வைத்த குன்றக் கூறல் இதுவே. சொல்லப்பட்டது பிழையன்று, சொல்லவேண்டிய ஒருவரை விட்டுச் சொல்லப்பட்டது. பிள்ளைகளுக்காகக் கட்டிய வீட்டிற் பெற்றோருக்கு ஓர் அறை ஒதுக்கப்படாமையே குறை.

வளர்ந்தோரை நேரே நோக்கிப் பேசும் பாடங்கள் வேண்டின் வெளிநாட்டுத் தளங்களை நாட வேண்டியிருக்கின்றது. இம்முயற்சி இணையத்தோடு தோன்றியதன்று. பி.பி.சி. நிறுவனம் வானொலிவழி ஆங்கிலம் என்னும் நிகழ்ச்சியை 1943ஆம் ஆண்டிலே தொடங்கிற்று. அதன் வழித்தோன்றலே இன்று இணையத்தில் உள்ள அந்நிறுவனத்தின் ஆங்கிலப் பாடத்தளம். அமெரிக்கக் குரல் வானொலி 1959ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1500 சொற்களுக்குள் அடங்கிய எளிய ஆங்கிலத்தில், மெதுவான வேகத்திற் செய்தி வாசிக்கத் தொடங்கிற்று. கலிபோர்னியா மாநிலத்தின் சாக்ரமெண்டோ வட்டாரக் கல்வி அலுவலகம் 2008ஆம் ஆண்டில் யூ.எஸ்.ஏ. லேர்ன்ஸ் என்னும் இலவசத் தளத்தை வெளியிட்டது. அமெரிக்காவிற் குடியேறிய வளர்ந்தோர்க்காக அவர்தம் அன்றாட வாழ்வையே கதையாகக் கொண்டு அமைந்த காணொளிப் பாடங்கள் அதில் உண்டு. குடியுரிமைத் தேர்வுக்கான பாடமும் உண்டு.

இவற்றின் சிறப்பு வெளிப்படை. கற்பவர் வளர்ந்தவர், உழைப்பவர், நேரமில்லாதவர் என்பதை உணர்ந்து இவை பேசுகின்றன. வளர்ந்தோரைச் சிறுவராகக் கருதும் இழுக்கு இவற்றில் இல்லை. ஆயின் இவை காட்டும் வாழ்வு வேறொரு நாட்டு வாழ்வு. கிராம உத்தியோகத்தரின் சான்றிதழும் பிரதேச செயலகத்தின் வரிசையும் அங்கு இல்லை. இவற்றினும் பெரிய குறை விளக்கமொழி பற்றியது. ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே கற்பிக்கும் முறை, ஏற்கெனவே ஓரளவு அறிந்தவர்க்கு நன்று; வாயிலில் நிற்பவர்க்கு அது பூட்டிய கதவு.

ஓர் எடுத்துக்காட்டு இதனை விளக்கும். தமிழ் வாக்கியத்தில் வினைச்சொல் இறுதியில் நிற்கும். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்துச் செயப்படுபொருளுக்கு முன்னே நிற்கும். தமிழில் வேற்றுமையுருபு பெயரின் பின்னே ஒட்டும். ஆங்கிலத்தில் அதற்கு ஈடான சிறுசொல் பெயரின் முன்னே தனித்து நிற்கும். கடையில் என்பதை ‘இல் கடை’ என்று சொல்வதுபோல அது அமையும் என்று தமிழிற் கூறினால், முப்பது வயதுக் கடைக்காரர் ஒரு நிமிடத்தில் உணர்ந்துகொள்வார். அதனைச் சொல்லாது நூறு படங்களைக் காட்டி அவரே ஊகித்து அறிக என்று விடுதல், வளர்ந்தோரின் தலையாய கருவியைப் பயன்படுத்தாது எறிந்துவிடுதலாகும். பிள்ளைக்கு இல்லாததும் வளர்ந்தோர்க்கு உள்ளதுமான அக்கருவி, நிரம்பிய தாய்மொழியறிவே.

அஃதேல், தமிழில் விளக்கும் காணொளிகளை நாடலாமே எனின், அவையும் இன்று பெருகியுள்ளன. அவற்றுட் பெரும்பாலன தமிழ்நாட்டிலிருந்து வருவன. விளக்கம் தமிழில் அமைதலின் தொடக்கநிலைக் கற்போர்க்கு அவை பேருதவி. எனினும் அவற்றிலும் மூன்று குறைகள் உள்ளன. முதலாவது வழக்குச் சொல் பற்றியது. ரேஷன் அட்டையும் கலெக்டர் அலுவலகமும் கொழும்பில் இல்லை. இங்குள்ள அடையாள அட்டைப் படிவமும் பிரதேச செயலகமும் அங்குப் பேசப்படுவதில்லை. இது சிறு குறை. கற்பவர் தாமே ஈடுசெய்துகொள்ளக்கூடியது.

இரண்டாவது எழுத்துப் பற்றியது. ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் எழுதிக் காட்டும் வழக்கம் இக்காணொளிகளில் மிகுதி. தமிழில் வல்லெழுத்து ஒன்றே இருவகை ஒலிக்கும் நிற்பதாதலின், பை என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல்லும் முதுகு என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல்லும் ‘பேக்’ என்றே எழுதப்படுகின்றன; குண்டூசிக்கும் குப்பைத்தொட்டிக்கும் உரிய சொற்கள் இரண்டும் ‘பின்’ என்றே ஆகின்றன. இது மயங்க வைத்தல் என்னும் குற்றம். இங்குக் கிராண்ட்பாஸ் வாசிகளுக்கு ஓர் அரிய வாய்ப்பு உண்டு. சிங்கள எழுத்தில் இவ்வொலிகளுக்குத் தனித்தனி வடிவம் இருத்தலின், சிங்களம் வாசிக்கத் தெரிந்த தமிழர் அதன் துணைகொண்டு ஆங்கில ஒலிகளை வேறுபடுத்தி உணரலாம். அவர்தம் இரண்டாம் மொழி மூன்றாம் மொழிக்கு ஏணியாகும். இவ்வேணியைப் பயன்படுத்தும் பாடம் தமிழ்நாட்டில் தோன்ற இயலாது, இலங்கையிலேயே தோன்றவேண்டும்.

மூன்றாவது ஒழுங்கு பற்றியது. மூன்றினும் பெரியது இதுவே. நன்னூலார் ஆசிரியராகத் தகாதவர்க்குச் சொன்ன உவமைகளுள் ஒன்று கழற்குடம். கழற்காய்களைப் பெய்த குடத்தைக் கவிழ்த்தால், இட்ட முறையில் அவை வெளிவாரா. எது முந்துகின்றதோ அதுவே விழும். இன்றைய காணொளித் தளம் அத்தகைய குடமே. இறந்தகால வினையை விளக்கும் பாடத்தை அடுத்து முப்பது நாளில் ஆங்கிலம் என்னும் விளம்பரப் பாடம் வரும். அதனை அடுத்து நேர்முகத் தேர்வுக்குரிய வாக்கியங்கள் வரும். அதனை அடுத்துத் திரைப்படப் பாடல் வரும். எது முதல், எது பின் என்பதை ஆசிரியர் வகுக்கவில்லை. பார்ப்போரின் தொகையே வகுக்கின்றது. இந்நிலையிற் கற்பவர், மாணாக்கருக்குக் கூறிய உவமைகளுள் ஒன்றாகிய ஆட்டைப்போலச் செடிதோறும் ஓரிலை கடித்துப் போகின்றார். வயிறு நிரம்பாமை ஆட்டின் குற்றம் மட்டுமன்று.

ஒழுங்கு எத்துணை இன்றியமையாதது என்பதை உணர்த்த ஈழநாட்டிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலர், வாசிக்கத்தக்க படிமுறை நூல்கள் இல்லாத குறையைக் கண்டார். 1850, 1851ஆம் ஆண்டுகளில் அவர் வெளியிடத் தொடங்கிய பாலபாடங்கள் அக்குறையை நீக்கின. எழுத்தினின்று சொல்லுக்கும், சொல்லினின்று சிறு வாக்கியத்துக்கும், அதனின்று கட்டுரைக்கும் கற்பவரைக் கைப்பிடித்து நடத்தும் நூல்கள் அவை. பக்கங்கள் சிலவே, ஆயின் ஒரு பக்கத்திற் கற்றது அடுத்த பக்கத்திற் பயன்படும். இணையத்தில் ஆயிரம் பாடம் உண்டு, பாலபாடம் இல்லை. தமிழ்மொழியைப் பொறுத்தவரையில் இக்குறை ஓரளவு நீங்கியுள்ளது. 2001ஆம் ஆண்டில் தமிழ்நாட்டிலே தோன்றித் தமிழ் இணையக் கல்விக்கழகமாக விளங்கும் நிறுவனம், புலம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கென மழலைக் கல்வியிலிருந்து பட்டம் வரையிற் படிநிலை வகுத்துத் தந்தது. தமிழருக்கு ஆங்கிலம் கற்பிக்க அத்தகைய படிநிலை இன்னும் அமையவில்லை.

இதுகாறும் கூறியவை முதற் காற்கூறு பற்றியன. அக்காற்கூறு செவ்விதாக அமைந்தாற் பதிந்துவைத்த பாடத்துக்கு ஒரு தனிச்சிறப்பும் உண்டு. நூலை இருமுறை கேட்பவருக்குப் பிழைபாடு இல்லையாம். மும்முறை கேட்பவர் பிறருக்கு முறையறிந்து உரைப்பாராம். வகுப்பறையில் ஆசிரியரை மும்முறை சொல்லச் சொல்லுதற்கு வளர்ந்தோர் நாணுவர். கைத்தொலைபேசியை முப்பது முறை சொல்லச் சொல்லலாம். இணையப் பாடத்தை இகழ்வோர் இவ்வொரு நன்மையை மறத்தலாகாது. ஆயின் அதனைப் புகழ்வோர் மறக்கும் செய்தி மற்றொன்று. எத்தனை முறை கேட்பினும், பேசுதற்கு எதிரே ஒருவர் வேண்டும்.

அண்மைக் காலத்திற் செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் அவ்வெதிர்நிற்போர் ஆகிவிட்டன என்று சிலர் கருதுகின்றனர். கேட்டதற்கு விடை கூறவும், பிழையைத் திருத்தவும், தமிழில் விளக்கவும் அவை வல்லன. நாணமின்றிப் பிழைவிட்டுப் பழகுதற்கு அவை நல்ல துணை. ஆயினும் அவை அறியாதார் அல்ல. பிறர்க்கு எடுத்துரைத்தலால் அரைக்கூறு நிரம்புவது ஏன் எனின், எதிரிருப்பவர் உண்மையிலேயே அறியாதவராய், அறிய வேண்டியவராய் இருத்தலாலாகும். தான் பிழையாகச் சொன்னால் மற்றொருவர் பிழையாகக் கற்பார் என்னும் பொறுப்பே கற்றதை உள்ளத்தில் ஊன்றுவிக்கின்றது. பொறியிடம் அப்பொறுப்பு எழுவதில்லை.

உடன்பயிலுதலும் எடுத்துரைத்தலும் ஏழை மக்களிடையே இயலும் என்பதற்கு வரலாற்றிற் சான்று உண்டு. 1963ஆம் ஆண்டில் வடகிழக்குப் பிரேசிலின் அங்கிக்கோஸ் என்னும் ஊரில் ஏறத்தாழ 300 உழைப்பாளருக்குப் பாவுலோ பிரெய்ரே என்பார் நாற்பது மணித்தியால அளவில் எழுத்தறிவு புகட்ட முயன்றார். செங்கல் முதலிய, அவர்தம் வாழ்விலிருந்தே எடுத்த சொற்களைக் கொண்டு, வட்டமாக அமர்ந்து உரையாடிக் கற்கும் முறை அவருடையது. 1991ஆம் ஆண்டிலே தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுந்தபோது, ஊதியம் பெறாத தொண்டர்கள் தெருவிளக்கின்கீழும் திண்ணையிலும் அயலார்க்குக் கற்பித்தனர். கற்ற பெண்கள் மிதிவண்டி ஓட்டவும் பழகினர். எழுத்தறிவும் மிதிவண்டியும் ஒருங்கே வந்தமையால், கற்றல் என்பது நடமாடும் உரிமையாக உணரப்பட்டது.

ஆங்கிலக் கல்வியில், தொலைபேசியையே கருவியாகக் கொண்டு எழுந்த முயற்சியும் ஒன்று உண்டு. 2009ஆம் ஆண்டு நவம்பரில் வங்காளதேசத்தில் பி.பி.சி. ஜானாலா என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. 3000 என்னும் எண்ணை அழைத்தால் மூன்று நிமிட ஆங்கிலப் பாடம் ஒலிக்கும். விளக்கம் வங்கமொழியில், கருவி மிக எளிய தொலைபேசி. அதே பாடங்கள் தொலைக்காட்சியிலும் செய்தித்தாளிலும் வந்தன. தாய்மொழி விளக்கம், சிற்றளவு, பல வாயில் என்னும் மூன்றையும் ஒருங்கு கொண்டமையே அதன் சிறப்பு. சிற்றளவு என்பது பணத்தையும் பற்றியது. விநாடிக்கு 64 கிலோபிட் வீதம் பதிந்த மூன்று நிமிட ஒலிப்பாடம் ஒன்றரை மெகாபைட்டுக்குள் அடங்கும். விநாடிக்கு ஒரு மெகாபிட் வீதம் ஓடும் பத்து நிமிடக் காணொளியோ 75 மெகாபைட்டை விழுங்கும். அன்றாடம் சிறுதொகைக்கு இணைய அட்டை வாங்கும் வீட்டில் இவ்வேறுபாடே பாடம் தொடருமா நிற்குமா என்பதைத் தீர்மானிக்கின்றது.

நிலைபேறும் எண்ணத்தக்கது. 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரையில் மின்சாரம் நின்றது. 2025ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அமெரிக்க அரசின் ஆணையொன்றால் அமெரிக்கக் குரலின் பணிகள் பெரிதும் முடக்கப்பட்டன. மின்சாரம் நின்றாலும் கற்கத்தக்க அச்சுத் தாளும், பிறநாட்டார் கதவடைத்தாலும் அழியாத சொந்தத் தொகுப்பும் வேண்டும் என்பதை இவ்விரண்டும் உணர்த்துகின்றன. ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவிற் பேணும் நூலகம் நிறுவனத்தின் முயற்சி 2005ஆம் ஆண்டில் தொடங்கியது. அம்முறையிற் பாடங்களையும் தொகுத்துப் பேணுதல் இயலாததன்று.

இனிக் குடும்பம் பற்றிய செய்தி. இலங்கைப் பாடசாலைகளில் ஆங்கிலம் முதலாந் தரத்தில் வாய்மொழிச் செயற்பாடாகத் தொடங்கி, மூன்றாந் தரத்திலிருந்து தனிப்பாடமாகப் பயிலப்படுகின்றது. ஆகவே எட்டு வயதுப் பிள்ளையும் ஆங்கிலம் அறியாத தாயும் ஏறத்தாழ ஒரே வாயிலில் நிற்கும் காலம் ஒன்று உண்டு. அக்காலத்தைப் பயன்படுத்தினால் இருவரும் உடன்பயில்வார் ஆவர். பிள்ளை தாய்க்குச் சொல்லும் ஒலி, தாய் பிள்ளைக்குச் சொல்லும் பொருள் என்னும் இரண்டும் கூடின், நன்னூலார் கூறிய இரண்டாங் காற்கூறும் அரைக்கூறும் ஒரு பாயின் மேலேயே நிரம்பும். அக்காலம் கடந்தபின் பிள்ளை முன்னே ஓடிவிடும். தாய் பின்னே நின்றுவிடுவாள். உடன்பயிற்சி மொழிபெயர்ப்புச் சேவையாகச் சுருங்கும்.

பிள்ளை பெற்றோருக்குக் கற்பித்தல் முறைமாறியது என்று சிலர் கூறுவர். மகனிடம் பொருள் கேட்ட தந்தையின் கதையைத் தெய்வக் கதையாகவே போற்றும் சமுதாயத்தில் இவ்வாட்சேபம் நெடுநேரம் நில்லாது. ஆயினும் அதில் ஓர் உண்மை உண்டு. பெற்றோர் கேட்பவராக மட்டும் இருத்தல் தகாது. அவர் கொடுப்பவராகவும் இருத்தல் வேண்டும். பாடம் அவ்வாறு அமையலாம். சந்தைக் கணக்கு, சமையல் முறை, தையல் அளவு என்பன தாய் அறிந்தவை. அவற்றை ஆங்கிலத்திற் சொல்லப் பழகும் பாடத்தில் மொழி பிள்ளையிடமிருந்தும் பொருள் தாயிடமிருந்தும் வரும். இத்தகைய பாடம் ஈ-தக்சலாவ தளத்திலும் இல்லை. வெளிநாட்டுத் தளங்களிலும் இல்லை. இணையத்தின் உண்மையான குறை இவ்விடத்ததே.

இக்குறையை நீக்குதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. நாற்பது பாடங்கள் போதும். ஒவ்வொன்றும் மூன்று நிமிட ஒலிப்பதிவும், ஒரு பக்க அச்சுத் தாளும் உடையதாகலாம். விளக்கம் கொழும்புத் தமிழில் அமைக. வேண்டியவிடத்துச் சிங்கள எழுத்தின் துணை நிற்க. முதற்பாடத்திற் பெயரும் முகவரியும், பத்தாம் பாடத்தில் மருந்துச் சீட்டு, இருபதாம் பாடத்தில் வங்கிப் படிவம், நாற்பதாம் பாடத்திற் பாடசாலைக்கு எழுதும் கடிதம் என ஒழுங்கு அமையலாம். ஒவ்வொரு பாடத்தின் இறுதியிலும், இன்று கற்றதை வீட்டில் ஒருவருக்குச் சொல்லுக என்னும் கட்டளை நிற்க. கல்வி அமைச்சின் முறைசாராக் கல்விப் பிரிவும் அதன் சமுதாயக் கற்றல் நிலையங்களும் இப்பணிக்கு உரியன. 1902ஆம் ஆண்டு தொட்டு இயங்கும் கொழும்பு விவேகானந்த சபையும், வெள்ளவத்தையில் 1942ஆம் ஆண்டு தொட்டு இயங்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கமும் போன்ற அமைப்புகள், வாரத்தில் ஒரு மாலை கூடிப் பேசுதற்கு இடமளித்தல் அரிதன்று.

உயர்தர வகுப்பு மாணவருக்கும் இதிற் பங்கு உண்டு. தாம் கற்ற ஆங்கிலத்தில் அரைக்கூறு இன்னும் நிரம்பவில்லை என்பதை அவர் உணர்வாராயின், அயல்வீட்டுப் பெரியோர் ஒருவருக்கு வாரம் ஒருமணி நேரம் சொல்லிக்கொடுத்தலைத் தொண்டு என்று கருதமாட்டார். தம் கல்வியின் எஞ்சிய பாதி என்றே கருதுவர். பரீட்சைக்கு எழுதிய கட்டுரைகள் தாராத தெளிவை, ஒரு மருந்துச் சீட்டை விளக்க முயலும் அரைமணி நேரம் தரும்.

இணையப் பாடம் தீது என்று கூறுவார் காலத்தை அறியாதார். அதுவே போதும் என்று கூறுவார் கல்வியை அறியாதார். ஆசிரியர் எட்டாத ஒழுங்கைக்குள்ளும் ஆசிரியரின் குரலைக் கொண்டுசெல்லும் ஆற்றல் இணையத்துக்கு உண்டு. அக்குரல் தமிழில் விளக்குவதாய், முறைப்பட நிற்பதாய், வளர்ந்தோரை வளர்ந்தோராக மதிப்பதாய் அமையின் முதற் காற்கூறு நிரம்பும். எஞ்சிய முக்காற்கூறு கிராண்ட்பாஸின் வீடுகளிலேயே உள்ளது. தாயும் பிள்ளையும், அயலாரும் மாணவரும் ஒருவர்க்கொருவர் வாய்திறந்து சொல்லும்போது அது நிரம்பும்.